காட்டில் வழி தப்பினால் புழு பூச்சி தின்று தாக்குப்பிடிக்க முடியுமா?

பூச்சோங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் நண்பர்களோடு குனுங் நுவாங் மலை ஏறப் போகிறாராம். யூடியூப்பில் ஒருவர் மரப்பட்டையை உரித்து, உள்ளே நெளியும் புழுவை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். வழி தப்பி ஒரு வாரம் மாட்டிக்கொண்டால் பூச்சி, தவளை, அணில் என்று கிடைத்ததைப் பிடித்துத் தின்று சமாளிக்கலாமா, எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது, சுருக்கு வைக்கப் பழகிக்கொண்டு போவது நல்லதா, கூட வருகிறவர்களில் ஒருவர் சுத்த சைவம், அவர் கதி என்ன, இவ்வளவும் ஒரே மூச்சில். பூச்சிப் பட்டியல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடலாம், ஆனால் தம்பி, உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. வழி தப்பினால் நம்மைக் காப்பாற்றப்போவது சாப்பாடுதானா, அதற்காக இப்போதே நேரம் செலவழித்துப் பழக வேண்டுமா என்பதுதான் அது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு அப்புறம் புழுவுக்கு வருகிறேன்.

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். ராணுவத்தில் இருந்தவன், ஜொகூர் உலு திராமில் காட்டுப் பயிற்சி எடுத்தவன். ஓய்வுக்குப் பிறகு உலு லங்காட், கோல குபு பாரு பக்கத்து மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறேன், யாராவது காணாமல் போனால் போம்பா என்ற தீயணைப்பு மீட்புப் படையோடு சேர்ந்து தேடவும் போவதுண்டு. டாக்டர் இல்லை. நோய்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும். நான் பழகியது தீபகற்பத்துக் காடு, சபா சரவாக் காட்டுக்கு அங்கே உள்ளவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி. நம் காட்டில் வழி தப்பிய ஆரோக்கியமான ஆள் முதல் வாரத்தில் பசியால் சாவது அரிது. நான் போன தேடல்களில் பெரும்பாலானவை மூன்று நாளுக்குள் முடிந்துவிட்டவை. ஆபத்து வந்ததெல்லாம் வேறு பக்கத்திலிருந்து. வழி தேடி இருட்டில் நடந்து பாறையிலிருந்து விழுவது, ஆற்றோரமாகவே இறங்கிப் போனால் ஊர் வந்துவிடும் என்று நம்பி அருவி விளிம்பில் மாட்டிக்கொள்வது, மேலே எங்கோ பெய்த மழைக்குத் திடீரென்று வரும் கெப்பாலா ஆயர் என்ற காட்டாற்று வெள்ளத்தில் அடித்துப்போவது, நனைந்த சட்டையோடு ராத்திரி முழுக்கக் காற்றில் கிடந்து உடம்பு விறைத்துப்போவது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் பலர் சிரிப்பார்கள், இந்த வெயில் ஊரில் குளிரா என்று. நுவாங் 1,493 மீட்டர் உயரம், சிலாங்கூரின் உயரமான சிகரங்களில் ஒன்று. மேலே ராத்திரியில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும், அதில் மழையில் நனைந்து காற்றில் உட்கார்ந்தால் பல் தானாக அடித்துக்கொள்ளும்.

பசியின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. உங்கள் உடம்பில் பத்து கிலோ கொழுப்பு இருந்தால் (நம்மில் பலருக்கு நாசி கண்டார் தயவில் அதற்கு மேலேயே இருக்கும்) 77,000 கலோரி கையில் இருக்கிறது, ஒரு நாளைக்கு 2,000 வீதம் செலவானாலும் ஒரு மாதத்துக்கு மேல். அதற்காகப் பசி ஒன்றும் செய்யாது என்று சொல்லவில்லை. ஈரலிலும் தசையிலும் இருக்கும் சர்க்கரை இருப்பு ஒன்றிரண்டு நாளில் தீர்ந்துவிடும், அப்போது தலை வலிக்கும், எரிச்சல் வரும், கால் தள்ளாடும், எல்லாவற்றையும் விட மோசம், யோசனை மழுங்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் எடுக்கும் முடிவுகள்தான் ஆளைக் கொல்பவை. ஆக சாப்பாட்டின் பயன் உயிரைப் பிடித்து வைப்பதை விட மூளையையும் மனசையும் நிதானத்தில் வைப்பதில்தான் இருக்கிறது. இரண்டு வாய் சூடாக ஏதாவது உள்ளே போனால் ஆள் அழுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து யோசிப்பார், இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம், காட்டில் சாப்பாடு தேடுவதற்கே தெம்பு செலவாகும். மேட்டில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கினால் நானூறு ஐந்நூறு கலோரி போய்விடும். அந்த ஒரு மணி நேரத்தில் பத்து வெட்டுக்கிளி பிடித்தால், ஒவ்வொன்றும் ஒரு கிராம், இரண்டு கிராம், எல்லாம் சேர்த்து முப்பது கலோரி தேறினால் அதிகம். பத்து ரிங்கிட் செலவழித்து ஐம்பது சென் சம்பாதிக்கும் வியாபாரம் இது. அதனால் நான் சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்றே ஒன்றுதான்: ஓடுவதை விரட்டாதே, உட்கார்ந்திருப்பதை எடு. புழு ஓடாது, கறையான் ஓடாது, குட்டையில் சிக்கிய மீனும் இறாலும் ரொம்ப தூரம் ஓடாது. அணிலும் சருகுமானும் காட்டுக்கோழியும் ஓடும், அவற்றை மறந்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு நிபந்தனை, தீ. அடுப்பு எரியவில்லை என்றால் மாமிசப் பேச்சே வேண்டாம், புழு பூச்சி உட்பட. யூடியூப்காரர் பச்சையாகத் தின்கிறார் என்றால் அவருக்குப் பின்னால் ஒரு குழுவும் அதற்குப் பின்னால் ஒரு வண்டியும் நிற்கிறது. நம் காட்டில் தீ மூட்டுவதுதான் உண்மையான வித்தை, எல்லாமே ஈரம். விழுந்து கிடக்கும் சுள்ளி எதுவும் எரியாது. மரத்தில் தொங்கும் செத்த கிளையை உடைத்துப் பட்டையைச் சீவினால் உள்ளே காய்ந்திருக்கும். மெரந்தி மாதிரிப் பெரிய மரங்களின் அடியில் டாமார் என்ற மஞ்சள் பிசின் கட்டியாகக் கிடைக்கும், ஈரத்திலும் பிடித்துக்கொள்ளும். பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய காடு என்றால் கோப்பையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைத் தேடுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், அடுப்பு பற்றவைக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது, கரும்புகையாகக் கக்கும் என்பதால் தேடுபவர்களுக்கும் அது கண்ணில் படும். பையில் இரண்டு லைட்டர், பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி ஒரு சுருள், இது போதும்.

இப்போது புழுவுக்கு வருவோம். நம் காட்டில் பூச்சி வகையில் உண்மையாகவே சாப்பாடு என்று சொல்லத் தகுந்தது பனை வகை மரங்களின் தண்டுக்குள் இருக்கும் புழுதான். சிவப்புக் கூன்வண்டின் புழு. சபாவில் புத்தோட், சரவாக்கில் உலாட் மூலோங் என்று சந்தையில் உயிரோடு விற்பார்கள், அங்கே அது விருந்துச் சாப்பாடு. இங்கே தென்னைக்கு எமன் என்று நமக்குத் தெரிந்ததும் இதே வண்டுதான். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் வெட்டிப்போட்டு மக்கும் தண்டுகளில் காண்டாமிருக வண்டின் புழுவும் கிடைக்கும், அது வெள்ளையாக, தடியாக, ஆங்கில எழுத்து சி போல வளைந்து கிடக்கும். தேடும் விதம் இப்படி: விழுந்து சில வாரம் ஆன, வெளியே உறுதியாகவும் உள்ளே புளித்த வாடையோடும் இருக்கும் பனை வகைத் தண்டைக் கண்டுபிடித்து, காதை அதன் மேல் வைத்துக் கேளுங்கள். உள்ளே நிறையப் புழு இருந்தால் நாரை அது கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும், முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் குமட்டும். பாராங் கத்தியால் தண்டைப் பிளந்தால் நாருக்குள் சுரங்கம் போட்டுக்கொண்டு கட்டைவிரல் பருமனில் படுத்திருக்கும். தலை மட்டும் செம்பழுப்பாகக் கெட்டியாக இருக்கும், பிடிக்கும்போது கடிக்கும். தலையைத் திருகி எடுத்து, வயிற்றை அழுத்திக் குடலைப் பிதுக்கிவிட்டு, குச்சியில் கோத்துத் தணலில் காட்டினால் அதன் கொழுப்பே உருகி அதை வறுத்துவிடும். தோல் பழுப்பாகி உள்ளே வெள்ளைக்குழம்பு கெட்டியாகும்வரை விடுங்கள். ருசி மோசமில்லை. மற்ற பூச்சிகளில் பெரும்பாலும் புரதமும் மேலோடும்தான், இதில் கொழுப்பு இருக்கிறது, காட்டில் கிடைக்காத பொருள் கொழுப்புதான். வெறும் கொழுப்பில்லாத மாமிசத்தை மட்டும் நாள்கணக்கில் தின்றால் உடம்பு பலவீனப்பட்டுக்கொண்டே போகும், அதைக் கழுவி வெளியேற்ற நிறையத் தண்ணீரும் வேண்டும். முயலை மட்டும் தின்று வாழப் பார்த்த வடதுருவப் பக்கத்து ஆட்களுக்கு நேர்ந்ததும் இதுதான்.

அடுத்தது கறையான். இது நமக்குப் புதிதே இல்லை, ஈசலைத் தின்பது சங்க காலத்திலிருந்து வரும் பழக்கம், ஊரிலிருந்து கப்பலேறி வந்த பாட்டிமார் இங்கேயும் மழைக்கு மறுநாள் விளக்கடியில் சட்டி வைத்துக் காத்திருந்தார்கள். காட்டில் ஈசல் கிளம்பும் நாள் உங்கள் அதிர்ஷ்டம். கிளம்பினால் தண்ணீர் ஊற்றிய மெஸ் டின் பாத்திரத்துக்கு மேல் டார்ச்சைப் பிடித்தால் தானாக வந்து விழும், சிறகை ஊதித் தள்ளிவிட்டு எண்ணெயே இல்லாமல் வறுக்கலாம். ஆனால் டார்ச் பேட்டரி ஈசலை விட விலை உயர்ந்தது, இரண்டாம் நாள் ராத்திரி உங்கள் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிடும்போது காட்ட வெளிச்சம் வேண்டும். சாதாரண நாளில் புற்றை உடைத்து நீளப் புல்லையோ மெல்லிய குச்சியையோ விட்டால் காவல் கறையான் கடித்துப் பிடித்துக்கொள்ளும், உருவித் தட்டினால் ஒரு முறைக்கு ஏழெட்டு விழும். பொழுது போகும், வயிறு நிறையாது.

கெரெங்கா எறும்பு, நம்மவர்கள் முசுறு என்பார்கள், மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் இலைகளைப் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும் செந்நிற எறும்பு. அதன் முட்டையும் கூட்டுப்புழுவும் தாய்லாந்தில் சந்தையில் விற்கும் சாப்பாடு. புளிப்பாக இருக்கும். ஆனால் கூட்டைக் கையால் பிய்க்கப் போனால் சட்டைக்குள் நூறு எறும்பு ஏறிவிடும், நீளக் கம்பால் கூட்டை வெட்டித் தண்ணீருக்குள் தள்ளி எறும்பு விலகியபின் எடுக்க வேண்டும். வெட்டுக்கிளி, சில்வண்டு எல்லாம் தின்னக்கூடியவைதான், காலையும் சிறகையும் எடுத்து, தலையைத் திருகிக் குடலோடு உருவிவிட்டு நன்றாக வறுக்க வேண்டும். ஆனால் வெட்டுக்கிளி அதிகம் இருப்பது லாலாங் புல் வெளியில், அடர்ந்த காட்டுக்குள் தரையில் அவ்வளவாகக் கிடைக்காது. லாலாங் வெளிக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றால் பக்கத்தில் தோட்டமோ சாலையோ இருக்கிறது, வெட்டுக்கிளியை விட்டுவிட்டு விசிலை எடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கூட்டத்தில் யாருக்காவது இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்றால் அவர் எந்தப் பூச்சியையும் தொடக்கூடாது. இறாலில் அலர்ஜி கிளப்பும் அதே வகைப் புரதம் பூச்சிகளிலும் இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது. காட்டுக்குள் தொண்டை வீங்கினால் ஒன்றும் செய்ய முடியாது.

தின்னக்கூடாதவை என்று பார்த்தால், மயிர் உள்ள கம்பளிப்பூச்சி, மரவட்டை, பூரான், தேள், எச்சத்திலும் பிணத்திலும் மொய்ப்பவை, பளிச்சென்ற சிவப்பு மஞ்சள் கறுப்புக் கோடு போட்டவை, நசுக்கினால் நெடியடிப்பவை. வண்டுகளில் ஒரு வகையின் உடம்பில் தோலைக் கொப்பளிக்க வைக்கும் விஷம் இருக்கிறது, சமைத்தாலும் அழியாது, உள்ளே போனால் சிறுநீரகத்தை அடிக்கும். பினாங்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் வரும் செமுட் சார்லியை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், பெயர்தான் எறும்பு, உண்மையில் வண்டு, கழுத்தில் நசுக்கினால் மறுநாள் தீக்காயம் போலத் தடித்துவிடும். அது வேறு விஷம், ஆனால் அறியாத வண்டை வாயில் போடாதீர்கள் என்பதற்கு அந்தத் தழும்பே போதும். குளவிக்கூட்டில் புழு இருக்கிறது, சிலர் தின்கிறார்கள், ஆனால் தெபுவான் என்ற பெரிய குளவிக் கூட்டம் கொட்டி ஆள் செத்த ஊர் இது, அந்தப் பக்கமே வேண்டாம். நிறத்தை வைத்துச் சொல்வது முழுக்க நம்பத்தகுந்த விதி இல்லை. மந்த நிறத்திலும் விஷம் உண்டு, பளிச்சென்று இருப்பதில் நல்லதும் உண்டு. சந்தேகப்பட்டதை விடுவதற்கு மட்டும் அந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள், தின்பதற்கு அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குரங்கு தின்றால் மனிதனும் தின்னலாம் என்பதும் இதே ரகம், குரங்கின் குடல் வேறு நம் குடல் வேறு. கொஞ்சம் நாக்கில் வைத்து, காத்திருந்து, பிறகு கொஞ்சம் தின்று பார் என்று புத்தகங்களில் வரும் சோதனை, செடிகொடிக்காகச் சொன்னது, ஒரு முழு நாளைத் தின்றுவிடும், பூச்சிக்கும் காளானுக்கும் செல்லாது.

நத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான், மெதுவாகத்தான் போகிறது, எளிதாகப் பிடிக்கலாம், என் விதிப்படி பார்த்தால் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஆனால் வேண்டாம். எலியின் நுரையீரல் ரத்தக்குழாயில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தையிலும் ஓடில்லா நத்தையிலும் வளர்கின்றன, வேகாத நத்தை வழியாக மனிதனுக்குள் போனால் மூளைக்கு ஏறி மூளை உறையைத் தாக்கும். சிட்னியில் 2010ல் விளையாட்டுக்கு ஒரு ஓடில்லா நத்தையை விழுங்கிய இளைஞர் கோமாவில் விழுந்து, கை கால் விளங்காமல் ஆகி, 2018ல் இறந்துபோனார். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவரில் ஏறும் பெரிய ஆப்பிரிக்க நத்தையும் இந்தப் புழுவைச் சுமக்கும் இனம். நன்றாகக் கொதிக்க வைத்தால் புழு செத்துவிடும் என்பது உண்மை, ஆனால் ஈர விறகில் அரைகுறையாக எரியும் தீயை வைத்துக்கொண்டு நன்றாகக் கொதித்ததா என்று யார் பார்ப்பது.

தவளையைத் தின்னலாம், தோலையும் குடலையும் எடுத்துவிட்டுக் கால் சதையை மட்டும் நன்றாக வேகவைத்து. வேகாத தவளையிலும் பாம்பிலும் இருக்கும் ஒருவகை நாடாப்புழுக் குஞ்சு மனிதத் தசைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். தேரையைத் தொடாதீர்கள். சொரசொரவென்று மரு மருவாக, கண்ணுக்குப் பின்னால் புடைத்த மேடு இரண்டு இருப்பது தேரை, அதன் விஷம் இதயத்தைத் தாக்கும், வேகவைத்தாலும் அப்படியே இருக்கும். ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் பிடிக்கும்போது உங்களால் வித்தியாசம் சொல்ல முடியுமா என்று யோசித்துவிட்டுக் கையை நீட்டுங்கள். பாம்பு பிடிப்பது வீடியோவுக்கு நன்றாக இருக்கும், வேறு எதற்கும் இல்லை. வெட்டிப்போட்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும்.

ஆறு இருந்தால் நான் பூச்சியைத் தேடவே மாட்டேன். செலவுக்கும் வரவுக்கும் ஓரளவு ஈடாகும் ஒரே இடம் தண்ணீர்தான். சிற்றோடையில் பாறை இடுக்குகளில் கல்லால் சின்ன அணை போட்டு, மேலேயிருந்து காலால் கலக்கிக்கொண்டு வந்து, துண்டையோ தலைக்குப் போடும் கொசுவலையையோ விரித்துத் தூக்கினால் விரல் நீள மீன் நாலைந்து விழும். ராத்திரியில் டார்ச் அடித்தால் இறாலின் கண் சிவப்பாக மின்னும். ஓடை நண்டும் உண்டு, அதில் நுரையீரலுக்குப் போகும் ஒரு தட்டைப்புழு இருக்கலாம் என்பதால் ஓடு நன்றாகச் சிவந்து உள்ளே முழுக்க வெந்தபிறகுதான். எல்லாவற்றையும் ஒரே டின்னில் போட்டு உப்பில்லாமல் கஞ்சி மாதிரிக் காய்ச்சிக் குடிப்பது சுட்டுத் தின்பதை விட நல்லது, கொழுப்பும் சாறும் தீயில் விழாது, தண்ணீரும் கொதித்துவிடும். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். 2010ல் பகாங் லுபுக் யூவில் ஆற்றில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களிலேயே பலருக்கு எலிச் சிறுநீர்க் காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமியால் வரும் மெலியோய்டோசிஸும் தொற்றி, சிலர் உயிரையே விட்டார்கள். காலில் கீறல் இருந்தால் மூடிக்கொண்டு இறங்குங்கள், வானம் கறுத்தாலோ தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ ஏறிவிடுங்கள்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு வரி. தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் வழி தப்பினால் கடற்கரைக்கு வந்துவிட்டாலே படகுக்காரர் கண்ணில் பட்டுவிடுவீர்கள், சாப்பாட்டுக் கவலையே வராது. ஆனால் கரையில் கிடக்கும் பெலாங்காஸ் என்ற குதிரைலாட நண்டைச் சுட்டுத் தின்னும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், சதுப்பு நிலத்தில் இருக்கும் வகையில் புந்தல் என்ற பேத்தை மீனில் இருக்கும் அதே விஷம் உண்டு, தீயில் வாட்டினாலும் போகாது. ஆமை முட்டையையும் தொடாதீர்கள்.

அணில், எலி, சருகுமான், சுருக்கு. சுருக்கு போடும் வித்தையை இரண்டு நாள் வகுப்பில் கற்றுக்கொள்ளலாம், பிராணி வரும் தடத்தைப் படிக்கும் வித்தைக்கு வருஷக்கணக்கு வேண்டும். பயிற்சியில் எங்களைப் போன்ற தெம்புள்ள ஆட்கள் பாதுகாப்பாக வரிசை வரிசையாக வைத்தும் காலையில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் சுருக்குதான் ஆடிக்கொண்டிருக்கும். காட்டிலேயே பிறந்து வளர்ந்த பாத்தேக் மக்களும் தெமியார் மக்களும் ஊதுகுழலில் குரங்கை வீழ்த்துவார்கள், அவர்களுக்கும் அன்றாட வயிற்றை நிரப்புவது பெரும்பாலும் கிழங்கும் மீனும்தான். அதிலும் காடோங் என்ற காட்டுக்கிழங்கை நாள்கணக்கில் ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு விஷம் எடுக்காமல் தொட மாட்டார்கள். கம்பிச் சுருக்கு வைப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. பழகிப் பார்க்கிறேன் என்று வார இறுதியில் நுவாங் அடிவாரத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறை ஆட்களுக்கு உங்கள் யூடியூப் கதை புரியாது. ஒராங் அஸ்லி என்ற பூர்வகுடி மக்களுக்கு மட்டும் சொந்தச் சாப்பாட்டுக்குக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாட அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, நமக்கு இல்லை. வௌவால் பற்றி ஒருவர் முன்பு என்னிடம் கேட்டார், குகையில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறதே, எளிதுதானே என்று. 1998, 1999ல் நிப்பா வைரஸ் நம் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது, அது பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கு வந்து மனிதனுக்கு வந்தது. வௌவாலைக் கையால் தொட வேண்டிய எந்தச் சாப்பாடும் வேண்டாம்.

சைவ நண்பரைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் விரதத்தைக் கைவிட வேண்டிய நிலைமை ஒரு வாரத்தில் வராது. அவர் தண்ணீர் குடித்துக்கொண்டு, நனையாமல், ஒரே இடத்தில் உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டிருந்தால், புழு தேடிச் சரிவில் இறங்கிய உங்களைவிட நல்ல நிலையில்தான் கண்டுபிடிக்கப்படுவார். அவருக்கும் உங்களுக்கும் சேர்த்து ஒரு வழி சொல்கிறேன். ஈப்போ புந்தோங்கில் நம்மவர்கள் செய்யும் கச்சாங் பூத்தே என்ற கடலை நொறுக்கு, அல்லது வெறும் வறுத்த நிலக்கடலை, அரைக் கிலோவை நல்ல கெட்டிப் பிளாஸ்டிக்கில் கட்டிப் பையின் அடியில் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். அரைக் கிலோ நிலக்கடலையில் சுமார் 2,800 கலோரி. அதே அளவுக்கு வெட்டுக்கிளி வேண்டும் என்றால் இனத்தைப் பொறுத்து ஒரு கிலோவுக்கு மேல், சிலவற்றில் மூன்று கிலோவரை பிடித்து, கால் சிறகு பிய்த்து, வறுக்க வேண்டும். கூடவே ஒரு விசில், இரண்டு லைட்டர், போர்த்திக்கொள்ள ஒரு பெரிய குப்பைப் பை, பவர் பேங்க். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, வனத்துறையிடம் பெர்மிட் எடுத்துக்கொண்டு போங்கள். வழி தப்பியது தெரிந்த உடனே, தெம்பும் பேட்டரியும் இருக்கும்போதே, 999க்கு அடியுங்கள், சிக்னல் இல்லை என்றால் கடைசியாகச் சிக்னல் கிடைத்த மேட்டுக்குப் பகலில் திரும்பி ஏறிப் பாருங்கள், பள்ளத்தில் இறங்காதீர்கள். காட்டுக்குள் ஆறரை மணிக்கே இருட்டிவிடும், ஐந்து மணிக்கெல்லாம் இடம் பிடித்து உட்கார்ந்துவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் புழு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், அதில் தப்பில்லை, நல்ல ஆசைதான். தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போகும்போது ராத்திரிச் சந்தையில் வறுத்த வெட்டுக்கிளியும் மூங்கில் புழுவும் தட்டில் குவித்து விற்பார்கள், சபாவில் கோத்தா கினபாலு பக்கம் போனால் தாமு சந்தையில் புத்தோட் கிடைக்கும். அங்கே முதலில் ஒன்றை மட்டும் தின்று, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உடம்பு ஒத்துக்கொண்டால் அடுத்ததை எடுங்கள். இறால் ஒத்துக்கொள்ளாதவர் மட்டும் பக்கத்துக் கடையில் தேத்தாரே குடித்துக்கொண்டு காத்திருக்கட்டும்.